தீபாவளி விருந்தில் முதலில் குறைக்க வேண்டியது கிளாஸை

தீபாவளி முடிந்தும் கோலாலம்பூரில் சில வாரங்களுக்குத் திறந்த இல்ல உபசரிப்பு ஓயாது. மதியம் செந்தூல், சாயங்காலம் பிரிக்பீல்ட்ஸ், ராத்திரி ரவாங். தட்டில் இருக்கும் லட்டைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள்கூட, கையில் இருக்கும் கிளாஸைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

டின் பானத்தின் பக்கவாட்டில் 100 மில்லிலிட்டருக்கு எத்தனை கிராம் சீனி என்று போட்டிருக்கும். 320 மில்லி டின் என்றால் அதை 3.2 ஆல் பெருக்குங்கள். மலேசியாவில் 100 மில்லிக்கு 5 கிராமைத் தாண்டும் பானங்களுக்கு 2019 ஜூலை 1 முதல் கலால் வரி உண்டு. அதனால் பல பானங்களில் சீனி குறைந்தது. ஆனால் சரியாக 5 கிராம் இருக்கும் டின்னிலும் மொத்தம் 16 கிராம், அதாவது நான்கு தேக்கரண்டி. மூன்று வீட்டில் மூன்று டின் குடித்தால் 48 கிராம். ஒரு நாளைக்கு 2,000 கலோரி சாப்பிடுகிறவருக்கு உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் உச்சவரம்பே 50 கிராம்தான். லட்டை இன்னும் தொடவே இல்லை!

ரோஜா சிராப்பில் பால் கலந்த பண்டோங்கும், பால் ஊற்றி ஆற்றிய தே தாரிக் தேநீரும் இதைவிட மோசமாகலாம், ஏனென்றால் அவற்றில் சேரும் டின்பாலின் (இனிப்புக் கெட்டிப்பால்) எடையில் ஏறக்குறைய பாதி சீனி. பாலும் சீனியும் இல்லாத தே ஓ கோசோங் கேளுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். விருந்து வைப்பவர் சிராப்பைப் போத்தலில் எழுதியிருப்பதில் பாதி அளவு ஊற்றி, எலுமிச்சையும் சப்ஜா விதையும் சேர்த்தால் குறை தெரியாது. மேசையில் வெறும் தண்ணீர் ஜாடி கண்ணில் படும்படி இருக்கட்டும்.

சாப்பாட்டை ஒரே வீட்டில் முடித்துக்கொள்ளுங்கள். மற்ற வீடுகளில் பலகாரம் மட்டும். சுகாதார அமைச்சு சொல்லும் தட்டில் பாதி காய்கறி, பழம். பிரியாணி விருந்தில் அது நடக்காது. வெள்ளரிப் பச்சடியும் அச்சாரும்தான் இருக்கும். இருப்பதை முதலில் சாப்பிட்டு, அடுத்து கோழியோ ஆட்டிறைச்சியோ, கடைசியில் சோறு என்று வரிசையை மாற்றினாலே ரத்தத்தில் சர்க்கரை ஏறும் வேகம் குறையும். சாப்பிட்டபின் பதினைந்து நிமிடம் நடப்பதும் அப்படித்தான்.

"ராத்திரி விருந்து இருக்கே" என்று மதியம் பட்டினி கிடப்பது நல்லதல்ல. நீரிழிவுக்குக் கிளிக்லாசைட் போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்கு அது ஆபத்து: மருந்து வேலை செய்யும், சாப்பாடு இருக்காது, சர்க்கரை இறங்கிவிடும். வியர்வை, கை நடுக்கம், படபடப்பு வந்தால் உடனே மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, பதினைந்து நிமிடத்தில் மறுபடி சோதியுங்கள். அந்த நேரத்தில் மட்டும் இனிப்புச் சிராப்பும் மருந்துதான். தீபாவளி லேகியம் அஜீரணத்துக்குச் சரி, ஆனால் அதிலும் வெல்லம் இருக்கிறது.

முறுக்கு 100 கிராமுக்குச் சுமார் 500 கலோரி. சிவப்பு மூடிப் போத்தலிலிருந்து நேராக எடுத்துத் தின்றால் அளவே தெரியாது. வேண்டியதைத் தட்டில் வைத்துக்கொண்டு மூடியைப் போட்டுவிடுங்கள்.

பீர் குடிப்பவர்கள் கவனிக்க: 330 மில்லி, 5 சதவீத பீரில் சுமார் 13 கிராம் ஆல்கஹால். ஈரல் அதைக் கழிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். கோப்பியோ குளியலோ அதை வேகப்படுத்தாது. 2020 அக்டோபரிலிருந்து வாகனமோட்டிகளுக்கு வரம்பு 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம், முன்பு 80. மேலே சொன்ன மருந்துகளோடு வெறும் வயிற்றில் குடித்தால் சர்க்கரை பல மணி நேரம் கழித்தும் இறங்கலாம், தூக்கத்தில்கூட.

மிச்சத்தைப் பற்றி வீட்டுக்காரர்களுக்கு: சமைத்ததை வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள், நம்ம ஊர் வெயிலில் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான். பெரிய சட்டியை அப்படியே குளிர்பெட்டியில் வைத்தால் நடுப்பகுதி பல மணி நேரம் வெதுவெதுப்பாகவே இருக்கும், கிருமி பெருகும். ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு மேல் போகாத தட்டையான டப்பாக்களில் பிரித்து வையுங்கள். தேங்காய்ப்பால் குழம்பை முதலில் காலி செய்யுங்கள். இரவெல்லாம் வெளியே கிடந்த பிரியாணியை மறுநாள் சூடாக்கி யாருக்கும் பொங்குஸ் (பொட்டலம்) கட்டிக் கொடுக்காதீர்கள்: சோற்றில் வளரும் பேசிலஸ் சீரியஸ் என்ற கிருமி விடும் நஞ்சு சூட்டில் அழியாது.