தாத்தாக்க துப்பாக்கி என் பேருக்கு வந்த கதை

துப்பாக்கி மேல வெட்டியிருக்க நம்பர்ல ஒரே ஒரு எழுத்து 3-ஆ 8-ஆன்னு தெரியாம எனக்கு ஏழு மாசம் போச்சு. இன்னும் அந்த கடுப்பு தீரல.

குமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் தோட்டத்துல மரச்சீனியை (மரவள்ளிக்கிழங்கு) பன்னி கிளறுதுன்னு தாத்தா லைசென்ஸ் எடுத்து வெச்சிருந்த ஒத்தக்குழல் மசில் லோடர், வாய் வழியா கரிமருந்தும் ஈயக்குண்டும் போட்டு கெட்டிச்சு தீப்பொறிக்கு கேப்பு வெச்சு சுடுறது. அவரு தவறினப்புறம் வீட்ல வெச்சிருந்தா தப்பு, ஸ்டேஷன்லயோ லைசென்ஸ் உள்ள துப்பாக்கி கடையிலயோ ஒப்படைச்சு ரசீது வாங்கிடணும். கொண்டு போக எடுத்தப்போ மிலிட்டரி மாமா "மக்கா, வாய்ப்பக்கம் நிக்காத"ன்னு தள்ளிவிட்டு, மருந்து கெட்டிக்கிற இடிக்கம்பியை குழலுக்கு வெளிய வெச்சு அளவு பாத்துட்டு உள்ள விட்டாரு. முழுசா போகாம நாலு விரக்கடை வெளிய நிக்குது. தாத்தா எப்பவோ கெட்டிச்ச மருந்து அப்படியே உள்ள கிடக்கு! அத நான் சின்னதுல தோள்ல வெச்சு விளையாடிருக்கேன், இப்ப நெனச்சாலும் கை நடுங்குது. நீங்களா நோண்டாதீங்க, எங்களுக்கு கடைக்காரருதான் வந்து எடுத்தாரு.

வாரிசு சான்றிதழ், சித்தப்பா அத்தைமார் ஆட்சேபணை இல்லைன்னு எழுதி குடுத்தது, டாக்டர் சர்டிபிகேட், போலீஸ் விசாரணை எல்லாம் பிரச்சனை இல்லாம முடிஞ்சுது. அப்புறம்தான் ஒரு ஆபீஸ்ல கிளார்க் "தம்பி, லைசென்ஸ் புக்கு நம்பர்ல 8 இருக்கு, துப்பாக்கியில 3 இருக்கு, இது வேற துப்பாக்கி"ன்னு பைலை தூக்கி ஓரமா வெச்சிட்டாரு. நாலு தடவை போனேன், ஒவ்வொரு தடவையும் சார் லீவு இல்லன்னா மீட்டிங், தடவைக்கு ஒரு நாள் ரப்பர் பால்வெட்டு கூலி போனதுதான் மிச்சம்.

கடைசில கடைக்காரரு மூத்த ஆளு, மண்ணெண்ணெயில துணி நனைச்சு நம்பரை மறைச்ச துரு மேல ஒரு ராத்திரி போட்டு வெச்சு, காலைல மெல்லிசு பேப்பரை வெச்சு பென்சிலை சாய்ச்சு தேச்சாரு. இடதுபக்க வளைவு ரெண்டும் மங்கலா எழும்பி வந்துது. 8! அந்த பேப்பரையும் போட்டோவையும் பைல்ல சேத்தப்புறம்தான் நகந்துது.

வீட்ல பெரியவங்க இருக்கும்போதே மாத்திடுங்க. லைசென்ஸ்தாரருக்கு 70 வயசு ஆனாலோ, 25 வருஷம் வெச்சிருந்தாலோ வாரிசு விண்ணப்பிக்கலாம், 2016 ஆயுத விதியிலயே இருக்கு, இத எனக்கு ஒருத்தரும் சொல்லல. லைசென்ஸ் இருக்குன்னு பன்னியை சுட்டா வனத்துறை கேஸ் தனியா வரும், அதும் சொல்லிட்டேன். சுட்ட அன்னைக்கே குழலை சுடுதண்ணி விட்டு கழுவி காயவெச்சு எண்ணெய் போடணும், கரிமருந்து அழுக்கு ஈரத்தை இழுக்கும், நம்ம ஊரு மழைக்கு மறுநாளே துரு பிடிச்சிடும்னு மாமா சொல்லித் தந்தாரு.

கழுவ வேண்டிய வேலை எனக்கு இன்னும் வரல. துப்பாக்கி கைக்கு வந்த பத்தாவது நாள் தேர்தல் அறிவிச்சாச்சு, ஸ்டேஷன்ல இருந்து போன், "கொண்டு வந்து ஒப்படைங்க". ரசீது மட்டும் பீரோல பத்திரமா இருக்கு.