பெர்த்தா பென்ஸின் சாலையில் பிள்ளைகளோடு

பெர்த்தா பென்ஸ் கணவரிடம் சொல்லாமல் புறப்பட்டார். நான் சொல்லிவிட்டே புறப்பட்டேன், ஏனெனில் வாடகைக் காருக்கான முன்பணம் என் கணவரின் அட்டையிலிருந்துதான் போயிருந்தது. மற்றபடி இரண்டும் ஒரே பயணம்தான் என்று என் பிள்ளைகள் இன்றுவரை சாதிக்கிறார்கள். வண்டியில் ஓர் அம்மா, இரண்டு பிள்ளைகள். வழி, ஜெர்மனியின் மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரை.

கார்ல் பென்ஸ் தம் மூன்று சக்கர மோட்டார் வண்டிக்கு 1886 ஜனவரி 29 அன்று காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். வண்டி ஓடியது, ஆனால் அதை நம்பி வாங்க ஆளில்லை. 1888 ஆகஸ்டில், அப்போது 39 வயதாகியிருந்த அவருடைய மனைவி பெர்த்தா, 15 வயது ஓய்கனையும் 13 வயது ரிச்சர்டையும் ஏற்றிக்கொண்டு, நூறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகத் தொலைவிலிருந்த தம் பிறந்த ஊரான ஃபோர்ட்ஸ்ஹைமுக்குக் கிளம்பிவிட்டார். அதுவரை யாரும் மோட்டார் வண்டியில் அவ்வளவு தூரம் போனதில்லை. அந்த வழி 2008இல் நினைவுச் சாலையாக அங்கீகரிக்கப்பட்டது. போக ஒரு வழியும் திரும்ப வேறொரு வழியுமாக, மொத்தம் 194 கிலோமீட்டர்.

என் மகளுக்கு 16 வயது, மகனுக்கு 13. பின்விளக்கைப் பார்த்தே வண்டியின் பெயரையும் ஆண்டையும் சொல்லிவிடுவான் அவன். அவளுக்குப் பெயர்கள் பொருட்டல்ல, ஓட்ட வேண்டும், அவ்வளவுதான். காலி மைதானத்தில் ஒரே ஒரு சுற்று என்ற அவளுடைய மனு ஓராண்டாக நிலுவையில் இருக்கிறது. கார் மீதுள்ள இந்தப் பித்து இருவருக்கும் என்னிடமிருந்து வந்தது என்பதால், மறுக்கும்போதெல்லாம் எனக்கே சற்றுக் கூச்சமாக இருக்கும். ஸ்டீயரிங்கைத் தராமல் காரின் வேலை முழுவதையும் அவர்களிடம் ஒப்படைக்க முடியுமா என்று பார்ப்பதே இந்தப் பயணத்தில் என் எண்ணம்.

மான்ஹைமில் வண்டியைப் பெற்றுக்கொண்டதும் சாவியை என் கையில் வைத்துக்கொண்டு, மற்றதையெல்லாம் அவர்களிடம் விட்டேன். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் ஒட்டுத்தாளில் டயர் காற்றழுத்த அளவுகள் இருந்தன. மகள் அவற்றை எழுதிக்கொண்டு முதல் பெட்ரோல் நிலையத்தில் நான்கு டயர்களையும் சோதித்தாள். மகன் ஒரு யூரோ நாணயத்தை டயரின் பள்ளத்தில் செருகிப் பார்த்தான். நாணயத்தின் பொன்னிற விளிம்பு சுமார் 3 மில்லிமீட்டர் அகலம். அது பள்ளத்துக்குள் மறைந்துவிட்டால் கவலையில்லை. சட்டம் கேட்பது 1.6 மில்லிமீட்டர்தான் என்றாலும், மழை பெய்யும் சாலையில் அந்த அளவை நம்பி நான் ஓட்ட மாட்டேன். எச்சரிக்கை முக்கோணம், முதலுதவிப் பெட்டி, ஒளிரும் மேற்சட்டை ஆகிய மூன்றும் ஜெர்மனியில் வண்டியில் இருந்தே ஆக வேண்டியவை. மேற்சட்டை ஒன்றுதான் இருந்தது, மூவருக்கும் வேண்டும் என்று மகன் வாதாடி மேலும் இரண்டு வாங்க வைத்தான்.

முன் இருக்கைக்கு ஒரு விதி வைத்தேன். அது வேலை பார்ப்பவரின் இடம். அங்கே உட்காருபவர் வழி சொல்ல வேண்டும், வேகப் பலகைகளை வாய்விட்டுப் படிக்க வேண்டும், என் கைப்பேசிக்குப் பொறுப்பேற்க வேண்டும். இருவரும் மாறி மாறி உட்காரலாம், தூங்குபவர் பின்னால் போய்விட வேண்டும். சாலையின் இடப்பக்கம் ஓட்டிப் பழகிய எனக்கு இந்த ஏற்பாடு உண்மையிலேயே தேவைப்பட்டது. கியர் வலக்கைப் பக்கம் இருப்பதை மறந்து முதல் அரை மணி நேரத்தில் நான்கு முறை இடக்கையால் கதவைத் தட்டினேன். ஒவ்வொரு திருப்பத்திலும் “வலது பக்கம், அம்மா” என்ற குரல் வந்துகொண்டே இருந்தது.

லாடன்பர்கில் கார்ல் பென்ஸ் பெயரிலுள்ள அருங்காட்சியகத்தில் எதிர்பார்த்ததைவிட நீண்ட நேரம் நின்றுவிட்டோம். அது ஒரு பழைய தொழிற்சாலைக் கட்டடம். கார்ல் பென்ஸ் 1906இல் ஓய்கனுடன் சேர்ந்து லாடன்பர்கில் தொடங்கிய நிறுவனத்துக்கு ‘பென்ஸ் மகன்கள்’ என்பதே பெயர். பின்னாளில் ரிச்சர்டும் அதில் சேர்ந்தார். “அன்னைக்கு வண்டியைத் தள்ளின பசங்க, அப்புறம் வண்டியே செஞ்சிருக்காங்க” என்றான் மகன். தொடர்ந்து ஒரு மணி நேரம் மூன்று சக்கர வண்டியின் சங்கிலியையும் தோல் பட்டையையும் சுற்றிச் சுற்றி வந்தவனை வெளியே இழுத்து வருவதே பெரும்பாடாகிவிட்டது.

ஹைடல்பெர்கைத் தாண்டியபின், நான் எழுதத் தயங்கும் நிகழ்ச்சி ஒன்று நடந்தது. ஒரு சிற்றூரின் 30 கிலோமீட்டர் வேகப் பகுதியில், பலகையோ கோடோ இல்லாத சந்திப்பு. அங்கே வலப்பக்கத்திலிருந்து வருபவருக்கே முன்னுரிமை, அவர் வருவது எவ்வளவு சின்னத் தெருவாக இருந்தாலும். விதியை முந்தின இரவுதான் படித்திருந்தேன். இருந்தும், நான் இருப்பது பெரிய தெரு என்ற பழைய பழக்கத்தில் நேரே போனேன். “அம்மா, வலது!” என்று மகள் கத்தினாள், பிரேக்கை முழுதாக மிதித்தேன், வலப்பக்கத்து வண்டி எங்கள் முன்னால் நிதானமாகக் கடந்து போனது. அதை ஓட்டிய முதியவர் கையைக்கூட உயர்த்தவில்லை.

ஓரமாக நிறுத்தி, தவறு என்னுடையது என்று சொன்னேன். பிள்ளைகளிடம் அதைச் சொல்வது பிரேக் மிதிப்பதைவிடக் கடினம். பிறகு கணக்குப் போட்டோம். ஜெர்மன் ஓட்டுநர் பள்ளிகளில் ஒரு சூத்திரம் சொல்லித் தருகிறார்கள்: வேகத்தைப் பத்தால் வகுத்து மூன்றால் பெருக்கினால், ஆபத்தைக் கண்டு கால் பிரேக்குக்குப் போவதற்குள் வண்டி ஓடும் தூரம், பத்தால் வகுத்து வந்த எண்ணை அந்த எண்ணாலேயே பெருக்கினால், பிரேக் பிடித்த பிறகு ஓடும் தூரம். 30இல் 9 மீட்டரும் 9 மீட்டருமாக 18 மீட்டர். 50இல் 15, அதோடு 25, ஆக 40 மீட்டர். முழு விசையுடன் மிதித்தால் இரண்டாவது பகுதி ஏறக்குறைய பாதியாகும், முதல் பகுதி குறையாது. 30இல் வந்த வண்டி நின்றுவிட்ட 18ஆவது மீட்டரில், 50இல் வந்த வண்டி அப்போதுதான் பிரேக் பிடிக்கத் தொடங்கியிருக்கும். மகள் அதைத் தாளில் வரைந்து வெகுநேரம் பார்த்தாள். நான் ஓராண்டாகச் சொன்ன அறிவுரைகள் எதுவும் அவளை அப்படி மௌனமாக்கியதில்லை.

வீஸ்லோஹ் நகரில் பெர்த்தா எரிபொருள் வாங்கிய மருந்துக் கடையின் முன் ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது. அந்த வண்டிக்குத் தனித் தொட்டி கிடையாது. எரிபொருளைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டரில் இருந்த நாலரை லிட்டர்தான். அதனால் துணிக்கறை நீக்க விற்ற லிக்ராயின் என்ற திரவத்தை மருந்துக் கடையில் வாங்கி ஊற்றினார். உலகின் முதல் பெட்ரோல் நிலையம் என்று அக்கடையைச் சொல்கிறார்கள். எரிபொருள் குழாய் அடைத்தபோது தொப்பி ஊசியால் குத்திச் சரிசெய்தார், மின்கம்பியின் உறை தேய்ந்தபோது காலுறைப் பட்டையைச் சுற்றினார், புருக்சாலில் ஒரு கொல்லரைக் கொண்டு சங்கிலியைச் சீராக்கினார். இன்ஜினைக் குளிர்விக்கும் நீர் கொதித்து ஆவியாகிக்கொண்டே இருந்ததால் போகும் வழியெல்லாம் தண்ணீர் தேட வேண்டியிருந்தது. ஏற்றங்களில் பிள்ளைகள் இறங்கித் தள்ளினார்கள், வில்ஃபர்டிங்கன் அருகே நாங்கள் இரண்டாம் கியரில் முனகாமல் ஏறிய மேட்டில், மகன் ஜன்னலைத் திறந்து “தள்ளட்டுமா?” என்று கேட்டான். பெர்த்தா திரும்பி வந்து சொன்னதைக் கேட்டே பென்ஸ் மேடேறுவதற்கென ஒரு கியரைக் கூடுதலாகச் சேர்த்தார்.

ஊர்களுக்கு வெளியே, 100 கிலோமீட்டர் வரை அனுமதிக்கப்பட்ட சாலையில், மகன் புது விளையாட்டு ஒன்றைக் கண்டுபிடித்தான். சாலையோர வெள்ளைக் கம்பங்கள் 50 மீட்டருக்கு ஒன்றாக நடப்பட்டிருக்கும். வேகமானியின் எண்ணில் பாதியை மீட்டராக வைத்து இடைவெளி விட வேண்டும் என்பது இங்குள்ள வழக்கு, ஆகவே நூறில் போகும்போது முன்வண்டிக்கும் நமக்கும் நடுவே குறைந்தது ஒரு கம்ப இடைவெளி. அவன் அதைக் கண்காணிக்கும் அதிகாரியாகவே மாறிவிட்டான். “அரைக் கம்பம்தான் இருக்கு, அம்மா” என்ற புகாரால் மூன்று முறை வேகத்தைக் குறைத்தேன்.

இருட்டும் நேரத்தில் ஃபோர்ட்ஸ்ஹைமை அடைந்தோம். பெர்த்தாவும் அந்தியில்தான் வந்து சேர்ந்து கணவருக்குத் தந்தி அடித்தார். எங்கள் தந்தியை மகள் கைப்பேசியில் அனுப்பினாள், “வண்டி எப்படி இருக்கு?” என்பதே பதிலின் முதல் வரி.

மறுநாள் திரும்பும் வழியிலுள்ள பாவ்ஷ்லோட் என்ற சிற்றூரில் நிறுத்தினோம். மரப் பிரேக் கட்டைகள் தேய்ந்துபோனபோது, இவ்வூர்ச் செருப்புத் தைப்பவரிடம் சொல்லி அவற்றில் தோலை வைத்து அடிக்கச் செய்தார் பெர்த்தா; இன்று ஒவ்வொரு காரிலும் உள்ள பிரேக் லைனிங்கின் தொடக்கம் அதுவே. முதல் நெடும்பயணத்திலேயே ஓடுவதற்கு ஒரு கியரும் நிற்பதற்கு ஒரு தோல்துண்டும் தேவை என்று கண்டுகொண்ட அந்தப் பெண்மணி மீது எனக்குப் பெரும் மதிப்பு உண்டானது.

காலியாக இருந்த வாகன நிறுத்துமிடத்தில், இன்ஜினை அணைத்து, சாவியை என் பையில் போட்டுக்கொண்டு, மகளை ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைத்தேன். கிளட்சை அடிவரை மிதித்தபோதும் முழங்கால் சற்று மடங்கியிருக்கும்படி இருக்கையை நகர்த்தினாள், மூன்று கண்ணாடிகளையும் தனக்கேற்பத் திருப்பினாள். மகன் ஒளிரும் மேற்சட்டையுடன் வண்டியின் பின்னாலிருந்து பக்கவாட்டில் மெல்ல நடந்து வந்தான். உள் கண்ணாடியில் தெரிந்தான், பிறகு பக்கக் கண்ணாடியில் தெரிந்தான், பிறகு எதிலும் இல்லை.

“எங்கே போனான்?” என்றாள்.

“இங்கேதான் இருக்கேன்” என்ற குரல் அவளுடைய இடத் தோளுக்குப் பின்னால், கை நீட்டினால் தொடும் தூரத்திலிருந்து வந்தது. அவள் கழுத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, மறுபடியும் பின்னாலிருந்து நடந்து வரச் சொன்னாள்.

ஏழாவது முறைக்குப் பிறகுதான் நாங்கள் கிளம்ப முடிந்தது.