திஸ்கி காலத்து மடல்கள்

பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கிளறினால் 2003-ல் சேமித்த மடலாடற்குழு (மின்னஞ்சல் வழி உரையாடும் குழு) மடல்கள்! எல்லாம் திஸ்கி, அதாவது யூனிகோடு பரவும் முன் கணினித் தமிழுக்குப் பயன்பட்ட குறியாக்கம். யூனிகோடுக்கு மாற்றிய பிறகுதான் தமிழ் தெரிந்தது.

மரத்தடி, ராயர் காப்பி கிளப் எல்லாம் யாஹூ குழுமங்களாக ஓடிய நேரம். போன் லைன் வழியாக டயல்அப் இணைப்பு. மடல்களை இறக்கிவிட்டு லைனைத் துண்டித்து, போன் பில் பயமில்லாமல் நிதானமாகப் படிப்பேன். கருத்துக்களம் (இணையத்தில் பதிவு போட்டுப் பேசும் தளம், ஃபோரம்) என்றால் இணைப்பில் இருந்துகொண்டே படிக்கணும், நாமே தேடிப் போகணும். மடல் வீடு தேடி வந்துவிடும்.

தொல்லையும் உண்டு. 25 மடல்கள் ஒரே கட்டாக வரும். யாராவது ஒருவர் அந்த முழுக் கட்டையும் வெட்டாமல் அடியில் ஒட்டி, மேலே 'அருமை ஐயா' என்று மட்டும் பதில் போடுவார். குழுவைக் கவனிக்கும் மட்டுறுத்துநர் பாவம், தலையில் அடித்துக்கொள்வார். தலைப்புவாரியாக இழை பிரித்து வைத்த கருத்துக்களத்தில் அந்த வம்பில்லை. மூணு வருஷம் கழித்துச் சேர்ந்தவரும் முதல் பதிவிலிருந்து படிக்கலாம். அது பெரிய வசதிதான், மறுக்கமாட்டேன்.

ஆனால் நான் குடியிருந்த ஒரு களத்தில் டொமைனைப் புதுப்பிக்க ஆளில்லாமல் ஒருநாள் எல்லாமே காலி. யாஹூவும் 2020 டிசம்பரில் குழுமங்களை இழுத்து மூடியது. ஆனாலும் மடல்கள் என்னிடம் இருக்கின்றனவே! அப்போது வாங்கிய திட்டு உட்பட.

நான் எழுதிய வெண்பாவில் தளை தட்டுகிறது (சீர்கள் இலக்கணப்படி இணையவில்லை) என்று என்னைத் திட்டிய பெரியவருக்கு அன்று பதிலே போடவில்லை. இப்போது எண்ணிப் பார்த்தேன். ரெண்டு இடத்தில் தட்டுகிறது.