ஒட்டக ஆய்வுக்கு ஒரு கையெழுத்து வாங்கிய கதை

போன மாதம் என் முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு முடிந்தது. ஒட்டகங்களுக்கு வரும் சர்ரா நோய்தான் ஆய்வு. தேர்வு ஒரு மணி நேரம்; அந்த ஒட்டகங்களின் பக்கத்தில் ஊசியோடு போய் நிற்பதற்கு எனக்கு ஒன்றே முக்கால் வருடம் ஆனது. அந்த வயிற்றெரிச்சல் இன்னும் தீரவில்லை. இதே வழியில் வரப்போகும் கால்நடை மருத்துவ மாணவர்களுக்காவது பயன்படட்டும்.

சர்ரா பருவத்தோடு வரும் நோய். டிரிப்பனோசோமா எவான்சி என்ற ஒட்டுண்ணியை இரத்தம் குடிக்கும் பெரிய ஈக்கள் பரப்புகின்றன. ராஜஸ்தானில் அந்த ஈக்கள் பெருகுவது மழையை ஒட்டித்தான். அதற்குள் அனுமதி கையில் இல்லையென்றால் அந்த வருடம் போயிற்று. அதனால்தான் ஜனவரியிலேயே விலங்கு நெறிமுறைக் குழுவுக்கு விண்ணப்பித்தேன்.

படிவத்தில், விலங்குகளை எங்கே வைத்துப் பராமரிப்பீர்கள் என்று ஒரு கட்டம் உண்டு. எலிக்கும் முயலுக்கும் ஏற்ற கேள்வி. என் ஒட்டகங்கள் மேய்ப்பவர்களிடமே இருக்கும். கழுத்து இரத்தக்குழாயில் ஐந்து மில்லி இரத்தம் எடுப்பதோடு என் வேலை முடிந்தது. ஆகவே கட்டத்தை வெறுமையாக விட்டேன். ஆறு வாரம் கழித்து அதற்காகவே கோப்பு திரும்பி வந்தது. நிரப்பிக் கொடுப்பதற்குள் குழுவின் கூட்டம் முடிந்துவிட்டது. அடுத்து, உரிமையாளர்களின் ஒப்புதல் கடிதம் இந்தியில் இருக்கிறது, சான்றொப்பமிட்ட மொழிபெயர்ப்பு வேண்டும் என்றார்கள். அதையும் கொடுத்தேன். பிறகு எழுத்தர் மாற்றலாகிப் போனார். கோப்பு அவருடைய பீரோவில் பூட்டிக் கிடந்தது. காங்கேயம் பக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறிப் போய் நின்றால், "சாவி வரட்டும் மேடம்" என்பதுதான் பதில்.

புதிதாக வந்தவர் ஒருநாள், "நம் ஊரில் ஒட்டகமே இல்லையே, மாட்டில் செய்தால் என்ன?" என்று கேட்டார். சுருக்கென்றது. 2012இல் நாட்டில் சுமார் நான்கு லட்சமாக இருந்த ஒட்டகங்கள் 2019 கணக்கெடுப்பில் இரண்டரை லட்சமாகிவிட்டன. அதே ஒட்டுண்ணிதான் மாட்டுக்கும் நாய்க்கும் வருகிறது. அந்தியூர்ச் சந்தைக்கு வரும் குதிரையையும் கொல்லக்கூடியது. நின்றபடியே இதையெல்லாம் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். கையெழுத்து நவம்பரில்தான் வந்தது.

அப்பா அன்று சொன்னதை முன்பே கேட்டிருக்கலாம்: "தபாலில் போட்டுவிட்டுக் காத்திருக்காதே அம்மணி. வாரம் ஒருமுறை நேரில் போய் நில்." அதோடு நான் சேர்ப்பது ஒன்று: கொடுத்த ஒவ்வொரு தாளுக்கும் வரவு எண்ணும் தேதியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பீரோவைத் திறக்க வைத்தது அந்த எண்தான்.

அடுத்த செப்டம்பரில் கோவையிலிருந்து வாராந்திர ரயிலில் பிகானேர் போனேன். தங்குமிடம், மொழி, வெயில் எதிலும் பெரிய சிரமம் இல்லை. எங்கள் ஊர் மேய்ச்சல் நிலமான கொரங்காட்டில் முளைக்கும் கொழுக்கட்டைப் புல் அங்கேயும் நின்றது, தாமன் என்கிறார்கள். அதைப் பார்த்ததும் பாதி பயம் போய்விட்டது.

ஒரு மேய்ப்பர், ராய்கா சமூகத்துப் பெரியவர், இளைத்துப்போன பெட்டை ஒட்டகம் ஒன்றைக் காட்டினார். அது சிறுநீர் கழித்த ஈர மணலை அள்ளி உருண்டையாகப் பிடித்து, நோயின் வாடை தெரிகிறதா என்று முகர்ந்தார். என்னிடமும் நீட்டினார். "திபர்சா" என்றார். மூன்று வருடம் இழுத்தடிக்கும் நோய் என்று பொருள். இரத்தம் எடுத்து, ஒரு சொட்டை அங்கேயே நுண்ணோக்கியில் வைத்தேன். ஒட்டகத்தின் சிவப்பணுக்கள் முட்டை வடிவம். அவற்றை இடித்துத் தள்ளிக்கொண்டு மெல்லிய உயிர் ஒன்று நெளிந்து ஓடியது. பெரியவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை. உள்ளூர் மருத்துவர் இந்த நோய்க்கான குயினாபிரமின் ஊசி போட்டார். நம் ஊர் மருத்துவர்களுக்கு ஒன்று: சவாரிக்காக வரும் ஒட்டகத்துக்கு, மாட்டுக்குப் போடும் பழக்கத்தில் டைமினாசின் போட்டுவிடாதீர்கள். ஒட்டகத்துக்கு அது ஆபத்து.

திரும்பும் வழியில் இன்னோர் அடி. உறைந்த பனிப்பொதிகள் மேல் குழாய்களை நேராக அடுக்கியிருந்தேன். கோவையில் பெட்டியைத் திறந்தால் மேலே தெளிந்து நிற்க வேண்டிய நீரெல்லாம் சிவப்பு. பனிபட்டு அணுக்கள் உடைந்திருந்தன. நடுவில் ஒரு துணி மடிப்பு இருந்திருந்தால் தப்பித்திருக்கும். நல்லவேளையாக, ஒவ்வோர் ஒட்டகத்தின் இரத்தத்திலும் ஒரு சொட்டை வடிதாளில் விட்டு உலர்த்தி, தனித்தனி உறையில் வைத்திருந்தேன். பனியே தேவைப்படாத அந்தத் தாள்கள்தான் என் ஆய்வைக் காப்பாற்றின. ஒட்டுண்ணியின் மரபணுவைக் கண்டறியும் பிசிஆர் சோதனை சிக்கலின்றி முடிந்தது.

இந்த வருடம் இளைய மாணவி ஒருத்தியும் ஒட்டகத்தில் ஆய்வு செய்ய விண்ணப்பித்தாள். அந்தக் கட்டத்தில் "மேய்ப்பவரிடமே இருக்கும், அடைத்து வைக்கப்படாது" என்று நானே பக்கத்தில் உட்கார்ந்து எழுத வைத்தேன். முதல் கூட்டத்திலேயே அனுமதி கிடைத்தது. மழைக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. டிக்கெட் எடுத்துவிட்டாள்.