நடுவில் அறுத்தால் பாதி வராது

140 மில்லிமீட்டர் கட்டையை நட்டநடுவில் அறுத்தால் இரண்டு 70 கிடைக்காது. ரம்பத்தின் வாய் 3 மில்லிமீட்டரைத் தூளாக்கிவிடும். மிஞ்சுவது இரண்டு 68½. ஆசாரிக்கு இது நன்றாகத் தெரியும். ‘குழந்தைங்க விளையாடற கட்டைதானே’ என்று விட்டுவிடுவார்.

நான்கு வயதுக் குழந்தை இரண்டு பாதிக்கட்டையை நிறுத்தி ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கும். எதிரே ஒரு முழுக்கட்டையை நிறுத்தும். மேலே பலகை போடும். பலகை ஆடும். எடுத்துத் திருப்பிப் போட்டுப் பார்க்கும், அப்போதும் ஆடும். மூன்று மாடி ஏறினால் 3 மில்லிமீட்டர் 9 ஆகிச் சரிந்துவிடும். குறை கட்டையில் இருக்கிறது என்று அந்த வயதில் யாருக்குத் தோன்றும்? தன் கைதான் சரியில்லை என்று எழுந்து போய்விடும். இரண்டு பாதி சேர்ந்தால் ஒன்று என்பதைக் கையாலேயே படிக்க வேண்டிய இடத்தில் கட்டை பொய் சொல்லிவிட்டது.

பாலக்காட்டுத் தமிழ் எல்லையில் கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம், கோபாலபுரம் பக்கம் அங்கன்வாடிக்கோ நர்சரிக்கோ கட்டை செய்யக் கொடுக்கிறவர்கள் மில்லில் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: பெரியதை வெட்டிச் சின்னதாக்க வேண்டாம், ஒவ்வொரு அளவுக்கும் ரம்ப மேசையில் தடை வைத்துத் தனித்தனியாக அறுங்கள். முழுக்கட்டை 140, பாதி 70, இரட்டை 280, நாலுமடங்கு 560. எல்லாவற்றுக்கும் அகலம் 70, கனம் 35. இழைத்து முடித்தபின் இந்த அளவு நிற்க வேண்டும், இழைப்பதற்கு முன் அல்ல.

இந்த ஒன்றுக்கு இரண்டுக்கு நான்கு கணக்கு நியூயார்க்கில் கரோலின் பிராட் போட்டது. 1914-ல் அவர் தொடங்கிய பள்ளியில் இந்தக் கட்டைகள் புழங்கின. அங்குல அளவில் கனம் 1⅜, அகலம் 2¾, நீளம் 5½. அவருக்கு முன்பே ஜெர்மனியில் ஃப்ரோபெல் 1837-ல் சின்னக் குழந்தைகளுக்கான பள்ளியைத் தொடங்கி, 2 அங்குலக் கனசதுரம் ஒன்றை எட்டாக வகுத்துக் கையில் கொடுத்திருந்தார். ஃப்ரோபெலின் கட்டை மேசைக்கானது. பிராட்டினுடையது தரையில் உட்கார்ந்து ஊரையே கட்டுவதற்கு.

ஒரே நேரத்தில் நான்கு பேர் விளையாட முழுக்கட்டை 60, பாதி 40, இரட்டை 24, நாலுமடங்கு 8 இருந்தால் சண்டை குறையும். ஆறடி ரீப்பர் 14 பிடிக்கும். தேக்குக் கழிவிலோ பலாவிலோ செய்தால் மொத்தம் 35 கிலோ வரை கனக்கும். அந்தக் கனம் வேண்டும். தெர்மகோல் போன்ற லேசான கட்டை மூச்சுக்காற்றுக்கே விழும். தென்னை மரம் வேண்டாம், எவ்வளவு இழைத்தாலும் நார் கிளம்பிக் கையில் சிலாம்பு ஏறும். ரப்பர் மரம் மலிவுதான், ஆனால் பக்குவம் செய்யாததை வண்டு சீக்கிரம் துளைத்துவிடும். விளிம்புகளை 120 நம்பர் உப்புத்தாளில் மழுக்கி, 220-ல் ஒரு தேய்ப்பு, அவ்வளவு போதும். பெயின்ட் வேண்டாம். தேங்காயெண்ணெயும் வேண்டாம், நாள்பட்டால் காறல் வாடை வரும்.

அறுப்பதற்கு மாசி, பங்குனி நல்ல மாதம். ஆடி மழையில் ஈரமாக அறுத்த மரம் பாலக்காட்டுக் கணவாயில் மார்கழிக் காற்று அடிக்கும்போது சுருங்கும். அதுவும் சமமாகச் சுருங்காது. நீளவாக்கில் கிட்டத்தட்ட அப்படியே இருக்கும், அகலத்தில்தான் குறையும். நீளம் 140 அப்படியே நிற்க, அகலம் 70 மட்டும் 68 ஆகும். மறுபடியும் அதே பொய்.

கட்டை வந்தபின் குழந்தைகள் என்ன செய்வார்கள் என்பதற்கு ஒரு வரிசை உண்டு. நியூயார்க்கில் நர்சரிப் பள்ளி நடத்திய ஹாரியட் ஜான்சன் 1933-ல் எழுதிவைத்தது இன்றும் பொருந்துகிறது. முதலில் சுமப்பார்கள், கட்டவே மாட்டார்கள். இரண்டு வயதுக் குழந்தை மூலைக்கு மூலை தூக்கிக்கொண்டு நடப்பதைப் பார்த்து ‘விளையாடத் தெரியலை’ என்று சொல்கிறவர்கள் உண்டு. கனம், நீளம், வழுக்கல் எல்லாம் அப்போதுதான் கைக்குப் பழகுகிறது. பிறகு வரிசை, கோபுரம். அப்புறம் பாலம். பிறகு நான்கு பக்கம் அடைத்த பட்டி. அடுத்தது இருபுறமும் ஒத்த கோலம். கட்டியதற்குப் பெயர் வைப்பதும், பெயரை நினைத்துக்கொண்டே கட்டுவதும் கடைசியில் வரும். ‘என்ன கட்டற?’ என்று மூன்று வயதுக் குழந்தையைக் கேட்டால் அது ஏதாவது ஒரு பதில் சொல்லும். நம்மைத் திருப்திப்படுத்தச் சொல்வது அது.

பாலத்தில்தான் கொஞ்சம் நிற்க வேண்டும். இரண்டு தூண் நிறுத்தி, கட்டையைத் தூக்கினால் எட்டாது, நடுவில் விழும். பெரியவர் கை நீண்டு தூணைக் கிட்டே நகர்த்தும். அந்த நகர்த்தல்தான் பாடம், அதை நாம் பிடுங்கிக்கொள்கிறோம். விட்டுப் பார்த்தால் குழந்தை பெரும்பாலும் தூணைத் தொடாது, அதே கட்டையை நாலு தடவை வைக்கும். பிறகு கட்டையை மாற்றும். தூணை நகர்த்துவது கடைசியில்தான் வரும், சிலருக்கு அன்றைக்கு வரவே வராது. செய்யக்கூடிய உதவி ஒன்றே: 280 கட்டை ஒன்றைக் கை எட்டும் தூரத்தில், எதுவும் சொல்லாமல் வைத்துவிட்டு நகர்வது.

இடத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. கோரைப்பாயிலும் கயிற்றுப்பாயிலும் கோபுரம் நிற்காது. வெறும் சிமென்ட் தரை போதும். அலமாரிக்கு முன்னால் ஒன்றரை அடிக்குச் சுண்ணாம்புக்கோடு போட்டு, அதற்குள் யாரும் கட்டக்கூடாது என்று வைக்க வேண்டும். கட்டை எடுக்க வருகிறவர் காலில்தான் பாதிக் கோபுரங்கள் போகின்றன. சின்னவர்கள் வேண்டுமென்றே தட்டிவிட்டால் அது விஷமம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், தள்ளினால் விழுகிறது என்பதே அவர்களுக்குப் புதுச் செய்தி. தட்டுவதற்கென்றே அவர்களுக்கு ஒரு கோபுரம் தனியாக அடுக்கிக் கொடுக்கலாம். பிள்ளைத்தமிழில் சிற்றில் சிதைத்தலுக்கு, அதாவது சிறுமியர் கட்டிய மணல்வீட்டைக் கலைப்பதற்கு, ஒரு பருவமே இருக்கிறதே!

நேரம் முக்கால் மணிக்குக் குறையக்கூடாது. முதல் கால்மணி இழுத்துப் போடுவதிலேயே போகும். இருபது நிமிஷப் பீரியடில் கட்டை விளையாட்டு வைத்தால் குழந்தைகள் கற்பது எடுத்து வைக்க மட்டும்தான்.

பாவனை விளையாட்டுக்கு வருவோம். இந்த எல்லைப் பக்கத்துக் குழந்தைகளுக்குக் கதைச்சரக்குக்குப் பஞ்சமில்லை. இளநீர் லோடு, பால் வண்டி, காய்கறி லாரி, செக்போஸ்ட். 560 கட்டையைக் குறுக்கே போட்டால் அதுவே கேட். ‘வண்டி நிர்த்து, பேப்பர் எவிடெ?’ என்று ஒருவன் மலையாளத்தில் கேட்க, ‘எளநிங்க சார், பொள்ளாச்சி லோடுங்க’ என்று அடுத்தவள் சொல்லுவாள். யார் எந்த மொழியில் பேச வேண்டும், எங்கே ‘சார்’ போட வேண்டும், எங்கே குரல் உயர்த்தலாம் என்பதை அவர்களே நிர்ணயிக்கிறார்கள். வீட்டில் தமிழும் வெளியே மலையாளமுமாக வளர்கிற குழந்தைக்கு இதைவிட நல்ல பேச்சுப் பயிற்சி ஏது?

குச்சியைக் குதிரையாக்கும்போது பொருளிலிருந்து அதன் அர்த்தத்தைக் குழந்தை தனியே கழற்றிவிடுகிறது என்று ரஷ்ய உளவியலாளர் வைகாட்ஸ்கி விளக்கினார். எழுத்தும் அந்த வகைதானே, ஒரு கோடு ஓர் ஒலிக்குப் பதிலாக நிற்கிறது. ஆனால் எல்லா வயதுக்கும் குச்சியைக் கொடுத்துவிட முடியாது. இரண்டரை, மூன்று வயதில் பொருள் கொஞ்சமாவது நிஜம் போல இருக்க வேண்டும்: சின்ன டம்ளர், கரண்டி, பழைய போன். ஐந்து வயதில் அதே போன் இடைஞ்சல், கட்டையே போனாகும். கடையில் விற்கிற பிளாஸ்டிக் சமையல் செட் இந்த இரண்டாவது கூட்டத்துக்கு வீண்செலவு. முட்டை வடிவத்தில் வார்த்தது முட்டையாக மட்டும்தான் இருக்கும். கொட்டாங்குச்சி கிண்ணமாகும், தொப்பியாகும், தராசுத் தட்டாகும், ஆமையும் ஆகும்.

கொட்டாங்குச்சியில் மண் அப்பம் சுடுவதை விட்டுவிடக் கூடாது. சித்தூர் தாலுகாவின் கிழக்கே கரிசல் மண். அதை மட்டும் குழைத்து வைத்தால் ஓட்டோடு ஒட்டிக்கொண்டு வராது, வந்தாலும் காய்ந்ததும் வெடிக்கும். இரண்டு பங்கு கரிசலுக்கு ஒரு பங்கு மணல், பிடித்தால் உருண்டையாக நிற்கிற அளவு தண்ணீர். ஓட்டின் உள்ளே உலர்ந்த மணல் தூவி, மண்ணை அழுத்தி, கவிழ்த்து இரண்டு தட்டு. இந்த அளவைக் குழந்தைக்குச் சொல்லிக் கொடுக்காமல் மண்ணையும் மணலையும் தனித்தனி வாளியில் வைத்தால் போதும். மூன்றாம் நாள் யாராவது ஒருவர் மணல் தூவக் கண்டுபிடிப்பார், அடுத்த நாள் எல்லாரும் தூவுவார்கள். ஓட்டின் விளிம்பை முன்னதாகவே கரடுக்கல்லில் தேய்த்துவிட வேண்டும். மண் குவியலை இரவில் மூடாவிட்டால் பூனை வந்து அசிங்கம் பண்ணும். விளையாடி முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவல் கட்டாயம்.

காசுக்கும் கறிக்கும் விதைகள் பொறுக்கி வருவார்கள். இங்கே பெரியவர் கண் வேண்டும். குன்றிமணி நஞ்சு, கடித்து மென்றால் உயிருக்கே ஆபத்து. மஞ்சள் அரளிக் காயும் அப்படித்தான். இரண்டும் வேலியோரத்தில் சர்வசாதாரணமாகக் கிடைப்பவை. மஞ்சாடி அழகுதான், ஆனால் மூன்று வயதுக்குள் அது மூக்குக்கும் தொண்டைக்கும் போகிற சைஸ். மூன்றேகால் சென்டிமீட்டர் விட்டமுள்ள குழாய்க்குள் போகிற எதையும் சின்னவர்கள் பக்கம் வைக்காதீர்கள். அவர்களுக்குக் காசு வேண்டுமானால் ஓட்டுத் துண்டைப் பெரிதாக, மழுங்கத் தேய்த்துக் கொடுக்கலாம்.

சமையல் மூலையையும் கட்டை மூலையையும் எதிரெதிர்ச் சுவரில் வைப்பது பல இடங்களில் நடக்கிற தவறு. பெண்பிள்ளைகள் சொப்புச் சாமானோடும் பையன்கள் கட்டையோடும் பிரிந்துவிடுவார்கள். பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். சோறு ஆக்குகிறவருக்குச் சுவர் வேண்டும், சுவர் கட்டுகிறவருக்குப் பசிக்கும்.

உள்ளே நுழைய வேண்டுமானால் ஒரு வேஷத்தோடு நுழையலாம். ‘லோடு இறக்க ஆள் வேணுங்களா?’ என்று கேட்கலாம். ‘இது என்ன கலர், மொத்தம் எத்தனை?’ என்று பரீட்சை வைத்தால் லாரி அப்போதே நின்றுவிடும்.

விஜயதசமிக்கு அரிசியில் எழுத வைத்தாச்சு, இன்னும் ஏன் கட்டை அடுக்கறான் என்று பெற்றோர் கேட்பது நியாயமான கேள்விதான். பதிலுக்கு வாதாடுவதைவிடச் செக்போஸ்டில் ஒரு பென்சிலும் நீளவாக்கில் கிழித்த தாள்களும் வைத்துவிடலாம். ரசீது, பெர்மிட், கறிக்கடைச் சிட்டை எல்லாம் கிறுக்கலாக வரும். கிறுக்கல் இடமிருந்து வலம் போக ஆரம்பித்ததா, கடைசியில் கையெழுத்து மாதிரி ஒரு சுழி விழுகிறதா என்று அவர்களையே பார்க்கச் சொல்லலாம்.

சாயங்காலம் கட்டியதை அன்றே கலைக்க வேண்டியதில்லை. வெள்ளிக்கிழமை வரை நிற்கட்டும். கூட்டுகிற அம்மாவுக்காக அட்டையில் ‘உடைக்காதீங்க’ என்று தமிழிலும் ‘பொளிக்கருது’ என்று மலையாளத்திலும் எழுதித் தரச் சொல்லி வருவார்கள். எழுதிக் கொடுங்கள், ஆனால் பக்கத்தில் அவர்கள் போடுகிற கிறுக்கலுக்கும் இடம் விட்டு.