மேம்பாலத்தில் 41 படி

சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்கும் நான் கடை வைத்திருக்கும் தொடக்கப்பள்ளிக்கும் நடுவே ஒரு மேம்பாலம் இருக்கிறது. ஏறுவதற்கு 41 படி. எண்ணிப் பார்த்ததெல்லாம் உடம்பு கெட்ட பிறகுதான். மூச்சு நன்றாக இருக்கிறவர் யார் படியை எண்ணுகிறார்? கேண்டீனில் இந்திய உணவுக் கடை என்னுடையது. விடியற்காலை ஐந்து மணிக்குத் தோசை மாவு வாளியைத் தூக்கிக்கொண்டு ஒரே மூச்சில் ஏறி இறங்கிவிடுவேன்.

2023 ஆகஸ்ட் மாதம் கடையின் ஈரத்தரையில் வழுக்கி விழுந்து கணுக்கால் எலும்பு முறிந்தது. கட்டுப் போட்டு வீட்டில் உட்கார்ந்தேன். மூன்றாவது வாரம் கெண்டைக்கால் கடுகடுவென்று வலித்தது. கட்டு இறுக்கம் என்று நினைத்துச் சும்மா இருந்துவிட்டேன். நாலு நாள் கழித்துக் குளியலறையிலிருந்து வந்தவள் கதவைப் பிடித்தபடி அப்படியே சரிந்தேன். மகன் ஆம்புலன்சுக்கு 995-ஐ அழைத்தான். காலில் உறைந்த ரத்தம் பிய்ந்து மேலே போய் இரண்டு நுரையீரலிலும் அடைத்திருக்கிறது என்று ஸ்கேன் எடுத்துச் சொன்னார்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை கொடுத்து, ஆறு நாளில் வீட்டுக்கு அனுப்பினார்கள். "கட்டி தானாகக் கரைந்துவிடும்" என்றார்கள். பெரும்பாலானவர்களுக்குக் கரைந்தும்விடுகிறது. எனக்குக் கரையவில்லை.

கால் கூடியது. மூச்சு கூடவில்லை. மேம்பாலத்தில் 20-வது படியில் நின்றேன். அப்புறம் 15. பிறகு 12. கைபேசியில் யாரோ கூப்பிட்ட மாதிரி காதில் வைத்துக்கொண்டு நிற்பேன். பள்ளிப் பிள்ளைகள் பார்க்கிறார்களே என்ற வெட்கம்தான்.

இந்தச் சமயத்தில் ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். கிளினிக்கில் ஒருமுறை, எடை கூடியிருக்கிறது, நடங்கள் என்றார்கள். இன்னொரு முறை, பயத்தில் வருகிற படபடப்பு என்றார்கள். கையில் பட்டை கட்டி பிரஷர் பார்த்தால் 118/74. "உங்களுக்கு என்னம்மா, எங்களைவிட நன்றாக இருக்கிறது" என்று தாதி சிரித்தார். 2024 தைப்பூசத்தன்று, ஜனவரி 25, எனக்கே விஷயம் உறைத்தது. முந்தைய வருடம் ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில் வரைக்கும், மூன்று கிலோமீட்டருக்கு மேல், பால்குடம் எடுத்து நடந்தவள் நான். இந்த வருடம் லிட்டில் இந்தியாவைத் தாண்டுவதற்குள் உதடு நீலம் பாரித்துவிட்டது என்று மகள் பயந்து டாக்சி பிடித்தாள். குடத்தை என் வீட்டுக்காரர் வாங்கிக்கொண்டு நடந்தார்.

ஆறு மாத மாத்திரை முடியும் நேரத்தில் மருத்துவமனையில் ஓர் இளம் மருத்துவர் என்னைப் பார்த்தார். ரிப்போர்ட்டை மூடி வைத்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வியே, "ஆன்ட்டி, எத்தனை படியில் நிற்கிறீர்கள்?" என்பதுதான். 12 என்றேன். மாத்திரையை நிறுத்தக்கூடாது என்று சொல்லி, அதே வாரத்தில் இதயத்துக்கு எக்கோ எழுதிக் கொடுத்தார். இதயத்தின் வலப்பக்கம் வீங்கியிருந்தது. நுரையீரலுக்கு ரத்தத்தைத் தள்ளித் தள்ளிக் களைத்துப்போன இதயம் அது.

இங்கேதான் எல்லோரும் குழம்புகிறார்கள், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். கையில் பார்க்கிற பிரஷர் வேறு, நுரையீரலுக்குப் போகும் ரத்தக்குழாயின் பிரஷர் வேறு. எனக்கு ஏறியிருந்தது இரண்டாவது. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்ததுதான் வம்பு. என் மாமியார் ஈசூனிலிருந்து போன் போட்டு, உப்பைக் குறை, வெந்தயம் ஊறவைத்துக் குடி என்றார். அத்தையிடம் எப்படி விளக்குவது? கடைசியில் சிங்க் குழாயைச் சொன்னேன். கேண்டீன் சிங்க்கில் எண்ணெய் உள்சுவரில் ஒட்டி ஒட்டிக் கெட்டியாகிவிட்டால், சுடுதண்ணீர் ஊற்றினாலும் போகாது. போகிற வழி குறுகக் குறுகத் தண்ணீர் முட்டும். என் நுரையீரல் குழாய்களில் அப்படித்தான். கரையாமல் நின்ற கட்டி, கட்டியாகவே இல்லாமல் தழும்பு மாதிரி சுவரோடு சுவராகிவிட்டது. இப்படிப் பழைய ரத்தக்கட்டியால் நுரையீரல் குழாயில் பிரஷர் ஏறுகிற நோய்க்கு ஆங்கிலத்தில் CTEPH என்று பெயர். ரத்தம் உறையாமல் பார்த்துக்கொள்ளும் மாத்திரை புதுக் கட்டி வராமல் தடுக்கும். இந்தத் தழும்பை அது தொடாது.

உறுதிசெய்ய ஒரு ஸ்கேன் உண்டு. வி-கியூ ஸ்கேன் என்கிறார்கள். ஒரு முறை லேசான கதிரியக்க மருந்தை மூச்சில் இழுக்கச் சொல்லி காற்று எங்கெங்கே போகிறது என்று பார்ப்பார்கள்; இன்னொரு முறை ஊசியில் ஏற்றி ரத்தம் எங்கெங்கே போகிறது என்று பார்ப்பார்கள். வலி கிடையாது. திரையில் காற்றுப் படம் முழு இலை மாதிரி இருந்தது. ரத்தப் படம் புழு அரித்த கீரை மாதிரி, ஓரமெல்லாம் துண்டு துண்டாகக் காணாமல் போயிருந்தது. நுரையீரலில் ரத்தக்கட்டி வந்து, மூன்று மாதம் ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டும் மூச்சு வாங்குகிறது என்றால், இந்த ஸ்கேனை வாய்விட்டுக் கேளுங்கள். சாதாரண சிடி ஸ்கேனில் இந்தப் பழைய அடைப்பு சில சமயம் கண்ணில் படாமல் போய்விடும். நான் கேட்கத் தெரியாமல் ஐந்து மாதத்தைத் தொலைத்தேன்.

அடுத்து, கழுத்து ரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாயை இதயத்துக்குள் விட்டு, உள்ளே இருக்கிற பிரஷரை நேராக அளந்தார்கள். சராசரி 20-க்குள் இருக்க வேண்டியது எனக்கு 47. அதோடு சாயம் செலுத்திப் படமும் எடுத்தார்கள். பிறகு அறுவை மருத்துவர், நுரையீரல் மருத்துவர், இதய மருத்துவர், படம் பார்க்கிறவர் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து என்ன செய்யலாம் என்று முடிவெடுத்தார்கள். அடைப்பு பெரிய கிளைகளிலேயே ஆரம்பித்தால் அறுவை சிகிச்சை. கை எட்டாத பொடிக்குழாய்களில் இருந்தால், ஜப்பானியர்கள் செப்பனிட்ட, குழாயை உள்ளிருந்து விரிக்கும் பலூன் முறை. ஒரே தடவையில் முடியாது, பல தடவை போக வேண்டும். ரியோசிகுவாட் என்ற மாத்திரையும் உண்டு, 2013-லிருந்து இந்த நோய்க்குக் கொடுக்கிறார்கள். அறுவை செய்ய முடியாதவர்களுக்கும், செய்தும் பிரஷர் இறங்காதவர்களுக்கும். எனக்கு வந்தது அறுவை சிகிச்சை. நல்ல செய்தி என்றுதான் மருத்துவர் சொன்னார். நெஞ்சைப் பிளப்பதை நல்ல செய்தி என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா?

அவர் விளக்கியதை என் வீட்டுக்காரர் வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். அமெரிக்காவில் சான் டியேகோவில் இருக்கும் கலிஃபோர்னியா பல்கலைக்கழக மருத்துவர்கள் வளர்த்தெடுத்த முறையாம். உடம்பை 20 டிகிரி வரைக்கும் குளிரவைப்பார்கள். எங்கள் வீட்டு ஏர்கானே 25-க்குக் கீழே போனால் நான் சண்டை போடுவேன். ரத்தம் ஓடிக்கொண்டிருந்தால் குழாயின் உள்ளே பார்க்க முடியாது என்பதால், இதயத்தை மட்டுமில்லை, இதயத்துக்கும் நுரையீரலுக்கும் பதிலாக வேலை செய்யும் இயந்திரத்தையும் நிறுத்திவிடுவார்கள். ஒரு தடவைக்கு 20 நிமிடத்துக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்வார்கள். குளிரில் மூளைக்குப் பிராணவாயு குறைவாகப் போதும், அதனால் தாங்கும். அந்த இடைவெளியில் குழாயின் உள்தோலோடு சேர்த்துத் தழும்பை உருவி எடுப்பார்கள். கைதேர்ந்த இடங்களில் இறப்பு நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு என்றார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு என் வீட்டுக்காரர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "நிறுத்தினது மறுபடி ஓடுமா டாக்டர்?"

"ஓடும். ஓடவைக்கத்தானே நாங்கள் இருக்கிறோம்."

பணத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. நான் மானிய நோயாளியாகத்தான் போனேன், சி வகுப்பு வார்டு. மெடிஷீல்டு லைஃப் என்ற தேசிய மருத்துவக் காப்புறுதி ஒரு பங்கு, மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்பு ஒரு பங்கு. மீதிக்கு மருத்துவ சமூகப் பணியாளரிடம் உட்கார்ந்து பேசினோம். கேட்பதற்குக் கூச்சப்பட்டேன். கூச்சப்பட்டிருக்க வேண்டாம்.

பள்ளி விடுமுறையில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன், கடை நஷ்டமாகாதே என்று. மருத்துவர் சிரித்தாலும் 2024 ஜூனில் தேதி கிடைத்தது. காலை ஏழரைக்கு உள்ளே போனேன். எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆனதாம். இயந்திரத்தை வலப்பக்கத்துக்கு 19 நிமிடம், இடப்பக்கத்துக்கு 15 நிமிடம் நிறுத்தினார்கள் என்று பிறகு சொன்னார்கள். அந்த 34 நிமிடம் நான் எங்கே இருந்தேன் என்று சில ராத்திரிகளில் யோசிப்பேன்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் மூன்றாம் நாள் எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது. மானிட்டர் மணி அடித்தால் என் காதுக்கு அது இடைவேளை மணி. மலாய்த் தாதியின் கையைப் பிடித்து, "தட்டை எடுத்து வை, பிள்ளைங்க வர்றாங்க, சாம்பார் சூடாகல" என்று கத்தியிருக்கிறேன். அந்தப் பெண்ணுக்குத் தமிழ் ஒரு சொல்கூடத் தெரியாது. ஆனாலும் மேசையில் இருந்த கிண்ணத்தை எடுத்து அடுக்குவது மாதிரி அடுக்கிக் காட்டினாராம். நான் அமைதியாகிவிட்டேனாம். மகள் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். எனக்குத்தான் அழுகை வரும்.

வார்டுக்கு வந்ததும் அறுவை மருத்துவர் ஒரு படம் காட்டினார். நீலத் துணிமேல், பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து, என் உள்ளிருந்து எடுத்தது. வெளிர் மஞ்சள். புது இஞ்சிக் கிளை மாதிரி தடித்து, பிரிந்து பிரிந்து, நுனியெல்லாம் சேமியா மாதிரி மெலிந்து. குழாய் எந்த வடிவமோ அச்சு எடுத்தாற்போல அதே வடிவம். இதையா ஒன்பது பத்து மாதம் சுமந்துகொண்டு அந்தப் பாலம் ஏறினேன்! படத்தை அனுப்பச் சொல்லி வாங்கி வைத்திருக்கிறேன். என் மாமியாரிடம் காட்டினேன். அதற்கப்புறம் வெந்தயப் பேச்சு இல்லை.

இருமினால் நெஞ்செலும்பு விண்டுபோகும் போல இருந்தது. தலையணையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு இருமக் கற்றுக்கொடுத்தார்கள். பதினாறாம் நாள் வீடு. மூன்று மாதம் கனம் எதுவும் தூக்கக்கூடாது. கடையைத் தங்கச்சி பார்த்துக்கொண்டாள். ஆறு மாதம் கழித்து மறுபடி கழுத்தில் குழாய் விட்டு அளந்தார்கள், 22. ஆறு நிமிட நடைச் சோதனையில் முன்பு 280 மீட்டர், இப்போது 450. முழுக்க இறங்கவில்லை, ஆனால் கூடுதல் மருந்து வேண்டாம் என்றார்கள். 2025 தைப்பூசத்தில் மகள் குடம் எடுத்தாள். நான் வெறுங்கையோடு கூடவே நடந்து, வழக்கத்தைவிட இரண்டு மடங்கு நேரம் எடுத்துக்கொண்டு டேங்க் ரோடு போய்ச் சேர்ந்தேன்.

ஆயுள் முழுக்க, ரத்தம் உறையாமல் பார்த்துக்கொள்ளும் வார்ஃபரின் மாத்திரை உண்டு. ரத்தம் உறைய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்பதைக் காட்டும் ஐஎன்ஆர் எண்ணை விரலில் குத்திப் பார்ப்பார்கள், எனக்கு 2-க்கும் 3-க்கும் நடுவில் இருக்க வேண்டும். கீரையே சாப்பிடக்கூடாது என்று ஊரெல்லாம் சொல்வது தப்பு. ஒரு வாரம் முருங்கைக் கீரையாகத் தின்று அடுத்த வாரம் தொடாமல் இருப்பதுதான் தப்பு. அளவு ஒரே மாதிரி இருந்தால் மாத்திரையை அதற்கேற்ப வைத்துவிடுவார்கள்.

நான் மாட்டிக்கொண்டது கீரையில் இல்லை, சூப்பில். எதிர்வீட்டுச் சீன ஆன்ட்டி, ஆபரேஷன் ஆன உடம்பு என்று வாரம் இரண்டு முறை மூலிகைக் கோழி சூப் கொண்டுவந்து கொடுத்தார். ருசியும் நன்றாக இருந்தது. ஒரு காலை பல் துலக்கும்போது ஈறில் ரத்தம் நிற்கவில்லை. ஐஎன்ஆர் 4.8. மருந்தாளர் என்னென்ன சாப்பிட்டாய் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, சூப் என்றதும் பேனாவைக் கீழே வைத்தார். அதில் டாங்குவே என்ற சீன மூலிகை வேர் போட்டிருக்கிறார்கள். வார்ஃபரினோடு சேர்ந்தால் ரத்தம் உறைவது இன்னும் குறைந்துவிடும்.

ஆன்ட்டியிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் தவித்து, மகளைவிட்டு மாண்டரினில் சொல்லச் சொன்னேன். ஆன்ட்டி தலையில் கை வைத்துக்கொண்டார். இப்போது கொண்டுவருவது தாமரைத் தண்டும் கடலையும் போட்ட சூப். கேட்டுக்கு வெளியே நின்று, வணக்கம்கூடச் சொல்லாமல், முதலில் பாத்திரத்தைத் தூக்கிக் காட்டி, "நோ டாங்குவே, நோ டாங்குவே" என்கிறார்.