நூறு கிராம் விரதம்

ஐந்து வாரமாகத் திங்களும் வியாழனும் விரதம் இருந்ததில் எனக்கு ஒன்றேகால் கிலோ கூடியிருக்கிறது. மிஷின்தான் பழுது என்று பேட்டரி மாற்றினேன். தரை சரியில்லை என்று ஹாலிலிருந்து பால்கனிக்கு எடுத்துப் போனேன். பால்கனி இன்னும் 200 கிராம் சேர்த்துக் காட்டியது.

இது நம் ஊர் விரதம் இல்லை. மைக்கேல் மோஸ்லி என்கிற டாக்டர் 2012இல் பிபிசியில் காட்டிப் பிரபலமாக்கினாரே, அந்த 5:2. ஐந்து நாள் வழக்கம்போல் சாப்பிடலாம், இரண்டு நாள் மட்டும் ஆண்களுக்கு 600 கலோரி, பெண்களுக்கு 500.

"சாப்பிடறதுக்குப் பேரு விரதமாடா?" என்றாள் அம்மா. அவள் ஐம்பது வருஷமாக ஏகாதசி இருக்கிறவள். பகலெல்லாம் தண்ணீர், ஒரு பழம். ராத்திரி தன் சின்ன வாணலியில் தானே கிளறிக்கொள்ளும் ஒரு கைப்பிடி ரவை உப்புமா, வெங்காயம் கிடையாது. அதையும் சாப்பாடு என்று சொல்ல மாட்டாள், பலகாரம்.

எனக்கு 600 கலோரி யார் அளந்து சமைப்பது? "ஆத்துல போட்டாலும் அளந்து போடணும். உங்க வாயில போடறதை நீங்களே அளந்துக்குங்க" என்று மனைவி முதல் நாளே கைகழுவிவிட்டாள். ஆகவே பாக்கெட்.

மும்பை செம்பூர் ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் ஒரு சுவர் முழுக்க ரெடிமேட் சாப்பாடு. ஃபிரிட்ஜ் இல்லாமலே மாதக்கணக்கில் கெடாத பருப்பு என்றால் முதலில் பயமாகத்தான் இருந்தது. பாக்கெட்டை மூடி ஒட்டிய பிறகு 121 டிகிரி சூட்டில் வைத்துக் கிருமிகளைக் கொன்றுவிடுகிறார்களாம், அதனால் ரசாயனம் எதுவும் போட வேண்டியதில்லை. மைசூரில் இருக்கிற ராணுவ உணவு ஆராய்ச்சிக் கூடம் சிப்பாய்களுக்காகச் செய்து பார்த்த வித்தை இது. பனிமலையில் காவல் நிற்கிறவருக்கு ஒத்துக்கொள்வது, குர்லாவில் வண்டி மாறுகிற எனக்கு ஒத்துக்கொள்ளாதா?

முதல் திங்கட்கிழமை 'உப்வாஸ்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்த ஜவ்வரிசிக் கிச்சடியை எடுத்துவிட்டேன். விரதத்துக்கென்றே செய்தது, இதைவிட என்ன வேண்டும்? வீட்டுக்கு வந்துதான் தேடிப் பார்த்தேன். ஜவ்வரிசி 100 கிராமுக்கு 350 கலோரி, அதோடு நெய், அதோடு வேர்க்கடலை. சேலத்தில் காயவைத்து அனுப்புகிற மாவுச்சத்து. நாம் அதைப் பாயசத்திலும் வடாமிலும் போட்டுவிட்டு மறந்துபோனோம், மராத்திக்காரர்கள் விரதத்துக்கே அதை வைத்திருக்கிறார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. பாண்டுரங்கன் யாரிடமும் கலோரி கேட்டதில்லை.

அப்புறம்தான் என் கண்மணியைக் கண்டுபிடித்தேன். பருப்புக் கிச்சடி, 115 கலோரி. பின்பக்கம் அச்சடித்தே இருந்தது. மத்தியானம் ஆபீஸ் மைக்ரோவேவில் ஒன்று, ராத்திரி ஒன்று. ஆக 230. மீதி 370 கலோரியை வீணாக்கலாமா? சாயங்காலம் ஸ்டேஷன் வாசலில் ஒரு வடா பாவ். அதற்குமேல் மிச்சமிருந்தால் டீ, இரண்டு பிஸ்கட். இவ்வளவு சுகமான விரதத்தை முனிவர்கள் ஏன் கண்டுபிடிக்கவில்லை என்று மனைவியிடம் கேட்டேன். அவள் பதில் சொல்லவில்லை. இப்போது யோசித்தால் அவளுக்கு அப்போதே தெரிந்திருக்கும்.

ஏழாவது படிக்கிற மகள்தான் போன வியாழக்கிழமை காலிப் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தாள்.

"அப்பா, இது நூறு கிராமுக்கு. பாக்கெட் முந்நூறு கிராம்."

அப்படியானால் ஒரு பாக்கெட் 345. இரண்டு 690. வடா பாவ் வகையறா 370. ஐந்து வாரமாக நான் இருந்தது 1,060 கலோரி விரதம். மற்ற ஐந்து நாளும், விரதம் இருக்கிற மனுஷனாயிற்றே என்று எனக்கு நானே இரக்கப்பட்டு ஊற்றிக்கொண்ட நெய் தனிக் கணக்கு. நூறு கிராம் கிச்சடி சாப்பிட்டு நிறுத்துகிறவன் எவனையாவது பார்த்திருக்கிறீர்களா? அதற்கு ஒரு எழுத்து அளவு வேறு, எறும்புக்கு அச்சடித்த மாதிரி. அம்மா சிரித்த சிரிப்பில் எதிர்வீட்டு மராத்தி மாமி கதவைத் திறந்து பார்த்தார்.

நேற்று ஏகாதசி. ஆபீசுக்குக் கிளம்பும்போது அம்மா பின்னாலேயே வாசல் வரை வந்தாள்.

"டேய், வெந்நீர் ஊத்தினாப் போதும்னு கப்புல உப்புமா விக்கிறாங்களாமே? வெங்காயம் போடாததா ஒண்ணு கிடைக்குமா?"

"உனக்கா?"

"தோள்பட்டை ஒரு மாசமாப் பிடிச்சிருக்கு. கரண்டி போட்டுக் கிளற முடியலை. அவகிட்டச் சொல்லாதே, டாக்டர்கிட்டப் போலாம்னு ஆரம்பிச்சுடுவா."

சாயங்காலம் அதே சுவருக்கு முன்னால் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஒவ்வொரு கப்பாகத் திருப்பி, எறும்பு எழுத்தை வரி விடாமல் படித்தேன். ஆறு கப். ஆறிலும் உலர்ந்த வெங்காயம். கடைப் பையன் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்துவிட்டு, "ஜெயின்?" என்று கேட்டு உள்ளேயிருந்து ஒரு கப்பை எடுத்து வந்தான். வெங்காயம் இல்லை, பூண்டு இல்லை. அதையும் இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் காசு கொடுத்தேன்.

வெந்நீர் ஊற்றி எட்டு நிமிஷம் மூடி வைத்துக் கொடுத்தேன். ஒரு ஸ்பூன் வாயில் போட்டாள்.

"பெருங்காயம் போதாது."

ஆனாலும் பாதி சாப்பிட்டாள். பிறகு கப்பை இடது கையால் என் பக்கம் தள்ளினாள்.

"நீ சாப்பிடுடா. நூறு கிராம்தான் இருக்கும்."